கறிவேப்பிலைக்குப் பின்னால்

ஈரலைப் பார், குடலைப் பார், மண்ணீரலைப் பார், திருப்பு, விடு. அடுத்தது. ஈரலைப் பார், குடலைப் பார். இதுக்கு மூளை எதுக்கு, கண்ணும் கையும் போதும், மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாந்தாமணி சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பாழாய்ப்போன மூளை கூடவே கிளம்பி வந்துவிடுகிறதே, அதுதான் இன்றைக்குத் தொந்தரவு. கொக்கியில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழிகள், இறகில்லாமல், ஆவி பறக்க, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்று என்று அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், ஊருக்கு வெளியே கோழி அறுக்கும் ஆலை. ஆலை தனியாருடையது, சாந்தாமணி அமெரிக்க அரசாங்கத்து இன்ஸ்பெக்டர். நாமக்கல்லில் கால்நடை வைத்தியம் படித்தவள், இங்கே வந்து பரீட்சை எழுதி எழுதி அலுத்துப்போய், வெள்ளைக் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு இந்த வரிசைக்கு முன்னால் வந்து நின்றவள். கோழி ஊரிலிருந்து வந்து கோழிகிட்டயே வந்து சேர்ந்தியா என்று அண்ணன் போனில் சிரிப்பான், சிரிக்கட்டும். அவள் கண் படாமல் ஒரு கோழியும் கடைக்குப் போக முடியாது, சட்டம் அப்படி. அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் அக்டோபர் பிறந்ததிலிருந்து சம்பளம் கிடையாது. பட்ஜெட்டுக்கு ஓட்டு விழவில்லை என்று அரசாங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். வேலைக்கு மட்டும் வந்தாக வேண்டுமாம், அத்தியாவசியமாம். அத்தியாவசியமாம்! அத்தியாவசியமானவளுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காதில் பஞ்சு அடைத்திருப்பதால் வெளிச்சத்தம் குறைவு, உள்சத்தம் ஜாஸ்தி. ராத்திரி தாரிணி போனில் சொன்னதே திரும்பத் திரும்ப ஓடியது. "ஜனவரியில இருந்து இன்சூரன்ஸ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேம்மா. கட்டுபடியாகாது. இன்சுலினைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு ஓட்டிக்கறேன்." இழுத்துப் பிடிச்சு. மாசக் கடைசியில் மளிகையை இழுத்துப் பிடிப்பார்கள், வண்டிக்குப் பெட்ரோலை இழுத்துப் பிடிப்பார்கள், இன்சுலினை யாராவது இழுத்துப் பிடிப்பார்களா? ஈரலைப் பார். இந்த ஈரலில் புள்ளி இருக்கிறது, கழி, அந்தப் பக்கம் தள்ளு. தாரிணிக்கு இருபத்தேழு வயது. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறாள், சொந்தக் கடை, சொந்தக் கால். அம்மாவின் அரசாங்க இன்சூரன்ஸில் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வயது வரைதான் இடம், அதற்குப் பிறகு தானே வாங்க வேண்டும், பாதிப் பாரத்தை அரசாங்கம் சலுகை என்று தாங்கிப் பிடிக்கும், அப்படித்தான் வாங்கியிருந்தாள். வருஷக் கடைசியோடு அந்தச் சலுகை முடிகிறது. அதை நீட்டித்தால்தான் பட்ஜெட்டுக்குக் கை தூக்குவோம் என்று வாஷிங்டனில் ஒரு கட்சி உட்கார்ந்துவிட்டது. முதலில் கையைத் தூக்கு, அதை அப்புறம் பேசிக்கலாம் என்றது இன்னொரு கட்சி. விழுந்தது பூட்டு. பூட்டைத் திறந்தால் சாந்தாமணிக்குச் சம்பளம். பூட்டு தொங்கினால் தாரிணிக்கு இன்சூரன்ஸ் கிடைத்தாலும் கிடைக்கும். இப்படி ஒரு கூத்து எந்தத் தாய்க்காவது நடந்திருக்கிறதா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஆனால் அவள் எந்தப் பக்கம் என்பதில் ஒரு நாளும் அவளுக்குக் குழப்பம் வந்ததில்லை. பூட்டு தொங்கட்டும். துருப்பிடிக்கிற வரைக்கும் தொங்கட்டும். நான் சோத்துல மோரை ஊத்திக் குடிச்சுக்கறேன், நீங்க விட்டுக் குடுக்காதீங்கடா என்று தினமும் காலையில் காரை எடுக்கும்போது, முகம் தெரியாத அந்த வாஷிங்டன்காரர்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவாள்.

திருப்பு, விடு. அடுத்தது. பக்கத்தில் நிற்கும் மரிசோல், ஆலைப் பெண், சாந்தாமணி கையைக் காட்டிய கோழியில் காட்டிய இடத்தைச் சட்டென்று வெட்டி எறிவாள், இத்தனை வருஷத்தில் இருவருக்கும் பேச்சே தேவைப்பட்டதில்லை. வாசனை ஒன்று வந்தது. குளோரின் நெடிக்கு நடுவில் ஏதோ பழுத்த பழ வாடை, மரிசோல் மெல்லும் மிட்டாயாக இருக்கும். இந்த வாடையைச் சாந்தாமணி நாமக்கல்லில் மாட்டுக் கொட்டகைகளில் முகர்ந்திருக்கிறாள். கன்று போட்ட பால்மாடு தீனி எடுக்காமல் நின்றால் அதன் மூக்குக்குப் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாடை வந்தால் உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே வாடை ஒருநாள் விடிகாலையில் தன் வீட்டில், தாரிணியின் வாயிலிருந்து வந்தது. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தது, ராத்திரி நாலு தடவை எழுந்து போனது, வெயில் காலம்தானே என்று விட்டிருந்தாள். எழுப்பப் போனவள் குனிந்தாள், முகர்ந்தாள், அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் காருக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில், எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும் என்றார்கள். மாட்டு வைத்தியம் படிச்சது அதுக்குத்தான் ஆச்சு. அந்த வாடைக்குத் தப்பிய பிள்ளைதான் இப்போது இழுத்துப் பிடிச்சு ஓட்டிக்கறேன் என்கிறாள். ஒரு சின்ன அபார்ட்மெண்டில் தனியாக, பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்க்க யாருமில்லாமல். அடுத்த கோழியைத் தேவைக்கு மேல் ஒரு தடவை திருப்பினாள். மரிசோல் திரும்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று சாந்தாமணி தலையை ஆட்டினாள்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பதினெட்டு வருஷமாக ஊருக்குச் சொன்னதும் அதைத்தானே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவள் புருஷன் சென்னியப்பன் சொல்லிவிட்டார், "பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணும். வெளிய மூச்சு விடக் கூடாது. கல்யாணம் முடியட்டும், அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்." அவர் கெட்டவரில்லை. பெட்ரோல் பங்குக் கடையில் பதினாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, பிள்ளைக்கு ராத்திரி ஊசி போட அலாரம் வைத்து எழுந்தவர்தான். ஆனால் ஒறம்பரை, சொந்தபந்தம் யாராவது வருகிறார்கள் என்றால் போதும், ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் டப்பா முன்தட்டிலிருந்து பின்னால் போகும், கறிவேப்பிலைப் பையை அதற்கு முன்னால் சாத்தி வைப்பார். யார் வீட்டு நோம்பி விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் பாப்பா பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும். ஏன் அம்முணி இனிப்பு எடுத்துக்கலையா என்றால் பல் வலிக்குதாம் என்று சாந்தாமணி முந்திக்கொள்வாள். பன்னிரண்டு வயசில் ஒரு நாள் காரில் வரும்போது கேட்டது, "நான் என்னம்மா திருடினேன்?" திருப்பு, விடு. என்ன பதில் சொன்னாள்? ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அது ஞாபகமிருக்கிறது.

மேனேஜர் ராண்டி மஞ்சள் தொப்பியோடு அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். பெரிய உடம்பு, சிரித்த முகம். சம்பளம் நின்ற இரண்டாவது வாரம், அவள் கார் பக்கத்தில் ஒரு பெட்டி கோழிக்கறியோடு நின்றிருந்தான், உங்க கஷ்டத்துக்கு ஏதோ எங்களால ஆனது என்றான். இன்ஸ்பெக்டர் ஆலையிலிருந்து ஒரு தண்ணி பாட்டில்கூட வாங்கக் கூடாது, அவனுக்கும் தெரியும். நல்ல மனசோடு கொடுத்தானோ என்னவோ, அவள் அதை எடை போட்டுப் பார்க்கவில்லை, நன்றி ராண்டி, எடுத்துட்டுப் போ என்றாள். சம்பளம் இல்லாதவளுக்குப் பார்வை மங்கிப்போகும் என்று இந்த ஆலையில் யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது வந்தவன் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, பஞ்சையும் தாண்டிக் கத்தினான். "முடிஞ்சிருச்சு டாக்டர்! ஓட்டுப் போட்டுட்டாங்க! அரசாங்கம் திறக்குது, உங்க சம்பளம் மொத்தமா வந்துரும்!" மரிசோல் புரிந்துகொண்டு கத்தியை உயர்த்தி ஆட்டினாள், எதிர் வரிசை இன்ஸ்பெக்டர் கிழவன் கட்டை விரலைக் காட்டினான். சாந்தாமணி கோழியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினாள், "இன்சூரன்ஸ் என்னாச்சு?" "எது?" "அதுக்குத்தானே பூட்டினாங்க, இன்சூரன்ஸ்!" "ஓ, அதுவா. அதை அப்புறம் பேசிக்குவாங்களாம்" என்றான் ராண்டி. அவனுக்கு இவள் ஏன் கேட்கிறாள் என்று தெரியாது, பாவம், அவனுக்கு எப்படித் தெரியும், யாருக்குத்தான் தெரியும்.

அப்புறமாம். அடப் பாவிகளா. இத்தனை நாள் பிடித்துக்கொண்டு தொங்கினீர்களே, இதற்கா? ஊரெல்லாம் கஞ்சி வரிசையில் நின்றது, விமானமெல்லாம் தாமதமானது, எதிர் வரிசைக் கிழவன் தன் வேட்டைத் துப்பாக்கியை விற்றான், எல்லாம் அப்புறம் பேசிக்கலாம் என்று ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு எழுந்து போவதற்கா? அப்புறம் என்றால் என்ன என்று சாந்தாமணியைக் கேளுங்கள். அப்புறம் என்றால் வராது. கல்யாணம் முடியட்டும் அப்புறம் சொல்லிக்கலாம், ஜாதகம் பொருந்தட்டும் அப்புறம் சொல்லிக்கலாம். பதினெட்டு வருஷம் அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே உட்கார்ந்திருந்த வார்த்தை அது, அதன் யோக்கியதை அவளுக்குத் தெரியாதா? கோபம் தலைக்கேறியது. ஏறிய கோபம் வாஷிங்டனுக்குப் போகவில்லை, நேரே தீபாவளிக்குப் போய் நின்றது. தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி. பூட்டு விழுந்து மூன்றாவது வாரம். சங்கத் தலைவர் ஜெகதீசன் நாலு மோட்டலுக்கு முதலாளி, இந்த வட்டாரத்து வாஷிங்டன் பிரதிநிதியைச் சிறப்பு விருந்தினராகக் கூட்டி வந்திருந்தார். சலுகை கிடையாது, முதலில் பட்ஜெட் என்று கை தூக்கிய அதே மனிதர். நம்ம ஆளுகளுக்கு ஒரு விசா, ஒரு சிபாரிசுன்னா நாளைக்கு வேணுமில்ல என்றார் ஜெகதீசன். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை. ஜெகதீசன் சம்சாரம் சுகுணா ஓடி வந்து, "அக்கா, நீங்கதான் பெரியவங்க, தட்டை நீங்க ஏந்துங்க" என்று பொன்னாடைத் தட்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஏந்தினாள். பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஏந்தினாள். சம்பளம் இல்லாதவள், மகள் உயிருக்கு வழி இல்லாமல் போகப் போகிறவள், அந்த மனுஷன் தோளுக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு ஏந்தச் சொன்னால் ஏந்தித்தானே பழக்கம். போட்டோ சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, யாரோ தாரிணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத் தாரிணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "உன்ன நான் பணமா கேட்டேன்?" என்றாள். பிரீமியத்தை நாங்க கட்டறோம் பாப்பா என்று சாந்தாமணி இழுத்தபோது சொன்னது. "ஒவ்வொரு வருஷமும் கட்டுவியா? நீ இல்லாதப்போ? எனக்குப் பணம் வேண்டாம்மா. அந்த ஆளு உன் பக்கத்துல ஒரு அடி தூரத்துல நிக்கறான். எம் பொண்ணுக்கு இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்னைப் பத்தி வெளிய சொல்றது உனக்கு அவ்வளவு அசிங்கமா இருக்கா?" அசிங்கம். ஈரலைப் பார். கண்ணில் நீர் மறைத்தது, கையுறையால் துடைக்கக் கூடாது, தோளைத் தூக்கி முகத்தை உரசிக்கொண்டாள். உரசித் தலை நிமிர்ந்தபோது பார்த்தாள், கோழியின் வயிற்றோரம் பச்சையாக ஒரு தீற்று. கழிவு. தள்ளினாள். அடுத்ததிலும் தீற்று. அதற்கடுத்ததிலும். மேலே குடல் எடுக்கும் இயந்திரம் எங்கேயோ இசகுபிசகாகிக் குடலைக் கிழிக்கிறது. ஒரு கோழி இரண்டு கோழி என்றால் கழித்துவிட்டு ஓட்டலாம், இது வரிசையாக வருகிறது. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். லைன் நின்றது. தொங்கிய கோழிகள் எல்லாம் ஒரு தடவை முன்னால் ஆடி நின்றன.

ராண்டி ஓடி வந்தான். "டாக்டர், இன்னிக்காவது! ரெண்டு லாரி காத்துட்டு நிக்குது. சந்தோஷமான நாளு, கொஞ்சம் பாத்துப் போகலாமில்ல?" "பாத்துத்தான் நிறுத்தினேன்" என்றாள் சாந்தாமணி. "மேல மெஷினைச் சரி பண்ணு, லைனைக் கழுவு, நான் திரும்பப் பார்ப்பேன், சுத்தமா இருந்தா ஓடும்." "எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா?" "ஆகட்டுமே. உன் கோழியைத் திங்கறவனுக்கு வயித்தால போனா அவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு உனக்குத் தெரியுமா ராண்டி?" இப்படி அவள் ஒருநாளும் பேசியதில்லை. ராண்டி மெஷின் பக்கம் ஆளை அனுப்பிவிட்டு, கொஞ்சம் தணிந்து, "சரி, சுத்தம் பண்றதுக்குள்ள நீங்க சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். காதுப் பஞ்சை எடுத்தாள். நின்றுபோன ஆலையின் அமைதியில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். வாயைத் திறப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர்கள் அறை ஒரு பொந்து. மேசை, அலமாரி, ஒரு மைக்ரோவேவ். கை கழுவினாள், போனை எடுத்தாள். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே குதூகலம், பூட்டுத் திறந்ததற்குப் பட்டாசுப் படங்கள், கும்பிடும் கைகள். நடுவில் ஜெகதீசன் நீளமாக எழுதியிருந்தார். சனியன் ஒழிந்தது என்று ஆரம்பம். "நாம பொன்னாடை போத்தினவர் சொன்ன சொல்லுல நின்னார். சலுகை சலுகைன்னு யார் வீட்டுக் காசு? நாம ராப்பகலா ஒழைச்சுக் கட்டற வரி. வாயைக் கட்டாமத் தின்னு சக்கரையை வரவழைச்சுக்கறவனுக்கெல்லாம் நாமளா இன்சுலின் வாங்கிக் குடுக்கறது?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். ஒன்று சென்னியப்பனுடையது. சாந்தாமணி அதை நின்றபடியே பார்த்தாள். மனுஷர் வேண்டுமென்று போட்டிருக்க மாட்டார், ஜெகதீசன் எதைப் போட்டாலும் கட்டை விரல் போடுவது அவருக்குக் கை பழக்கம், சந்தேகம் வந்துவிடக் கூடாது என்ற பழக்கம். பெற்ற மகளை ஊரே ஏசுகிறது, அப்பன் சபாஷ் போடுகிறான். வேலை இடத்தில் அரசியல் பேசக் கூடாது என்று சுவரில் சட்டம் ஒட்டியிருந்தது. இதிலென்ன அரசியல் இருக்கிறது, இது சக்கரை, என் மகளுடைய ரத்தத்தில் இருப்பது. எழுதினால் திருத்தத் தோன்றும், திருத்தினால் பயம் வரும் என்று அவளுக்குத் தெரியும். மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. சாந்தாமணி பேசறனுங்க. ஜெகதீசண்ணா எழுதினதப் படிச்சேன். என்ற மக தாரிணிக்கு ஒம்பது வயசுல சக்கரை வந்துச்சுங்க. தின்னு வந்ததில்ல. பச்சப்புள்ள என்னத்தத் தின்னுருக்கும்? ஒடம்பு இன்சுலின் சுரக்கறத நிறுத்திப் போடுச்சு, அவ்வளவுதான், யார் வீட்டுலயும் யாருக்கும் வரலாம். ஊசி நின்னா ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி. அதுக்கு மேல நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன், என்ற வாயால வராது. உங்க எல்லார் வீட்டு நோம்பிக்கும் வந்து, உங்க பாத்ரூமுல நின்னு ஊசி போட்டுட்டு வந்து, உங்ககூட உக்காந்து சாப்பிட்டுச்சு அந்தப் புள்ள. உங்களுக்குத் தெரியாது. தெரியாமப் பாத்துக்கிட்டது நானும் அவங்க அப்பாவும். எதுக்கு? கல்யாணம் நின்னுருமேன்னு. நிக்கட்டுமுங்க. உசுரு இருந்தாத்தானே கல்யாணம். அண்ணா, அவளும் வரி கட்டறா. நாயிக்கு முடி வெட்டி, ஒழைச்சு, கட்டறா. இத்தன நாளா நான் சம்பளமில்லாம நின்னு உங்க வீட்டுக்கு வர்ற கோழிய நல்ல கோழியா பாத்து அனுப்பிச்சேன், ஒரு நாளு லீவு போடல. அவங்க எதுக்குப் பூட்டினாங்களோ அதைத் தராமயே திறந்துட்டாங்க. எனக்கு சம்பளம் வருதுன்னு யாரும் வாழ்த்துச் சொல்ல வேண்டாம். பொன்னாடைத் தட்டு ஏந்தினது நாந்தான், இல்லேன்னு சொல்லலீங்க. அடுத்த தடவையும் அந்த மனுசனைக் கூப்புடுங்க. நானும் என்ற மகளும் மேடைக்கு வருவோம். அவரு எங்க மூஞ்சியப் பாத்து பதில் சொல்லோணும். சொன்னதுக்கப்பறம் போத்தறதா வேண்டாமான்னு பாக்கலாம். அவ்வளவுதானுங்க." விரலை எடுத்தாள். உஸ்ஸென்று போய்விட்டது. அதையே தாரிணிக்கும் அனுப்பி, கீழே, இன்சுலினில் ஒரு சொட்டுக் குறைக்கக் கூடாது, சண்டையை ரெண்டு பேருமாப் போடலாம் என்று எழுதினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

குரூப் செத்தாற்போல் ஆகிவிட்டது. ஒரு பட்டாசு இல்லை, ஒரு கும்பிடு இல்லை. முதலில் போன் அடித்தது சென்னியப்பன்தான். "சாந்தா, என்ன காரியம் பண்ணிப் போட்ட? சார்லட்டுல இருக்கற மாப்பிள்ளை வீட்டுக்குப் பாப்பா ஜாதகம் குடுத்திருக்கறோம், அவிக ஒறவெல்லாம் அந்தக் குரூப்புல இருக்குது. இப்பவே அழிச்சுப் போடு, இன்னும் நிறையப் பேரு கேட்டிருக்க மாட்டாங்க." "அழிக்க மாட்டனுங்க." "சொல்றதக் கேளு புள்ள." "ஏனுங்க, அந்தாளு எழுதினதுக்குக் கட்டை விரல் போட்டீங்களே, படிச்சுத்தான் போட்டீங்களா?" அந்தப் பக்கம் பெட்ரோல் பங்குக் கதவின் மணி இரண்டு தடவை அடித்தது. பிறகு கரகரத்த குரலில், "பாப்பா கேட்டுச்சா?" என்றார். "அனுப்பியிருக்கறேன்." "சரி, வை. கடைல ஆளு நிக்குது" என்றார். வைத்ததும் குரூப்பைப் பார்த்தாள். ஜெகதீசன் எழுதியதற்குக் கீழே கட்டை விரல்களில் ஒன்று குறைந்திருந்தது. தாரிணியிடமிருந்து ஒரே ஒரு "ம்" வந்திருந்தது. அதற்குக் கீழே, "சாயங்காலம் வர்றேன். அழாதே." நான் எங்கே அழுகிறேன் என்று சாந்தாமணி வாய்விட்டுச் சொன்னாள், அந்தப் பொந்தறையில் தனியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் மறுபடியும் ஒளிர்ந்தது. குரூப்பில் இல்லை, தனியாக. சுகுணா. ஜெகதீசன் சம்சாரம். திட்டத்தான் எழுதியிருப்பாள், எழுதட்டும், இன்றைக்கு யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்தாள். "அக்கா, எங்க சின்னவனுக்கும் அதேதான். நாலு வருஷமாச்சு. எங்களுக்கு இன்சூரன்ஸுக்குக் கஷ்டமில்ல, ஆனா வெளிய தெரிஞ்சா கௌரவம் போயிரும்னு அவரு யார்கிட்டயும் சொல்ல விடமாட்டேங்கறாரு. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் அப்படியெல்லாம் எழுதறாரு. நீங்க பேசினதைக் கேட்டுட்டு இங்க குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டிருக்கறேன். உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன் அக்கா. வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க." சாந்தாமணிக்கு முதலில் அந்த ஜெகதீசனை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது. மோட்டலில் அந்தப் பையனைப் பார்த்திருக்கிறாள், சைக்கிளில் சுற்றும், துறுதுறுவென்று. எந்தப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறதோ. இந்தச் சுகுணாவை இப்போது என்ன சொல்லி ஆற்றுவது? இத்தனை நாள் என்றால், கவலைப்படாதே சுகுணா, எனக்குள்ளயே வெச்சுக்கறேன், அப்பறம் பேசலாம் என்று எழுதியிருப்பாள், கை அதற்குத்தான் போனது. "க" என்று ஒரு எழுத்து விழுந்தும்விட்டது. அழித்தாள். வெளியே லைனைக் கழுவி முடித்து ராண்டி கதவைத் தட்டினான். வர்றேன் இரு என்று சத்தம் போட்டுவிட்டு எழுதினாள். "என்கிட்ட சொல்லாதே கண்ணு. குரூப்ல சொல்லு. நான் இருக்கறேன், சொல்லு."